புள்ளி எல்லாம் லிமிட்டுக்குள்ளதான்… அப்புறம் ஏன் ரிஜெக்‌ஷன்?

[திரை: எல்லாப் புள்ளியும் கோட்டுக்குள்ளே அடங்கிக் கிடக்கிற எக்ஸ்-பார் சார்ட்]

எக்ஸ்-பார் சார்ட்னா, சில பீஸோட சராசரியை ஒரு புள்ளியா வெச்சு, மெஷின் நிலையா ஓடுதான்னு பார்க்கிற கன்ட்ரோல் சார்ட். லிமிட்னா அதுல மேலயும் கீழயும் போடுற கோடு. சார்ட்ல ஒரு புள்ளிகூட வெளியே போகல. ஆனா ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆகிட்டே இருக்கு. கோளாறு எங்கேன்னா, லிமிட் போட்ட ஃபார்முலாவுல!

வரலாறு வேணுமா? ஒரே வரி: 1924 மே மாசம், வெஸ்டர்ன் எலக்ட்ரிக்ல வேலை பார்த்த வால்டர் ஷூஹார்ட் ஒரு பக்கக் குறிப்புல முதல் சார்ட்டை வரைஞ்சார். போதும், கணக்குக்கு வாங்க.

[திரை: சிஎன்சி லேத், மைக்ரோமீட்டர்]

டிராயிங்ல 25 மிமீ, கூடக்குறைய 0.03. அடுத்தடுத்து வர்ற 5 ஷாஃப்டை அளங்க. அது ஒரு சப்குரூப். இப்படி 20 சப்குரூப். ஒவ்வொண்ணுக்கும் சராசரி, அப்புறம் ரேஞ்ச், அதாவது பெருசுல சின்னதைக் கழிச்சது.

நம்ம உதாரணத்துல மதியம் யாரோ ஆஃப்செட்டை, அதாவது மெஷின்ல டூல் நிற்கிற இடத்தைத் திருத்துற எண்ணை, தட்டி விட்டுட்டாங்க. முதல் 10 சப்குரூப் 24.985 பக்கம், அடுத்த 10-ம் 25.015 பக்கம். மொத்த சராசரி 25.000. சராசரி ரேஞ்ச் 0.020.

இப்போ எக்செல் பிரியர்கள் என்ன பண்ணுவாங்க? 100 அளவையும் செலக்ட் பண்ணி ஸ்டாண்டர்ட் டீவியேஷன், அதாவது அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுதுங்கிற எண், எடுப்பாங்க. 0.017 வரும். மூணால பெருக்கி, ரூட் 5-ஆல வகுத்தா 0.023. லிமிட் 24.977-லிருந்து 25.023. எல்லாம் உள்ளே, எல்லாருக்கும் டீ!

[திரை: அதே புள்ளிகள், கோடு மட்டும் நெருங்குது]

அதே டேட்டா. சராசரி ரேஞ்சை 0.577-ஆல பெருக்குங்க, 5 பீஸ் சப்குரூப்புக்கு ஏ2-ங்கிற டேபிள் எண் அதுதான். 0.0115. லிமிட் 24.988-லிருந்து 25.012. காலைப் புள்ளிகள் கீழே, மதியப் புள்ளிகள் மேலே, ரெண்டு பக்கமும் வெளியே கொட்டுது!

ஏன்? ரேஞ்ச் அஞ்சு பீஸுக்குள்ள இருக்கிற ஆட்டத்தை மட்டும் பார்க்கும். ஆஃப்செட் மாறினது அதுக்குத் தெரியாது. மொத்த டீவியேஷன்ல அந்த மாற்றமும் கலந்துடுது, கோடு அகலமாயிடுது. பிடிக்க வேண்டிய திருடன் கையிலேயே சாவி! என்னைக் கேட்டா, தப்பான சார்ட்டைவிட சார்ட்டே இல்லாம இருக்கிறது மேல். பொய்த் தைரியமாவது வராது.

ஆனா வெளியே போன புள்ளியோட லிமிட்டை நிரந்தரமாக்காதீங்க. காரணத்தைக் கண்டுபிடிச்சு, சரி பண்ணி, புது டேட்டாவுல மறுபடி கணக்குப் போடுங்க. காரணம் தெரியாம புள்ளியை அழிக்கிறது ஏமாத்து வேலை.

ரேஞ்ச் சார்ட்: மேல் லிமிட் 2.114 (இதுவும் 5 பீஸுக்கான டேபிள் எண்) பெருக்கல் 0.020, அதாவது 0.042. கீழ் லிமிட் பூஜ்யம். இதைத்தான் முதல்ல பார்க்கணும். ரேஞ்ச் நிலையா இல்லாட்டி எக்ஸ்-பார் லிமிட்டுக்கு அர்த்தமே கிடையாது. டிராயிங் டாலரன்ஸை, அந்தக் கூடக்குறைய 0.03-ஐ, சராசரி சார்ட்ல வரையாதீங்க, அது தனித்தனி பீஸுக்கானது.

கமென்ட்ல ஒரு கணக்கு: சப்குரூப்பை 2 பீஸ் ஆக்கினா ஏ2 1.880. சராசரி ரேஞ்ச் 0.010-ன்னா லிமிட் எவ்வளவு அகலம்? தப்பா போட்டாலும் லைக் போட்டுட்டுப் போங்க!