ஏறத் தெரிந்தவளுக்கு இறங்கத் தெரியவில்லை

(வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

அவையோருக்கு வணக்கம். தலைவர் என்னை ஓட்ட வீராங்கனை என்று அறிமுகம் செய்துவிட்டார். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். எனக்கு 46 வயது, வங்கியில் வேலை, விடியற்காலையில் காலிமுகத்திடலில் ஓடுவேன். என் முதல் மலையோட்டத்தில் பாதித் தூரம் நடந்தேன். அதைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

இளையவர்கள் இதை ட்ரெயில் ரேஸ் என்கிறார்கள். தார் வீதி கிடையாது. மண், கல், வேர், ஓடை. வழி காட்ட மரக்கிளைகளில் கட்டிய ரிப்பன்தான். நான் போனது கண்டிக்கு அருகே ஹந்தானைப் பக்கம். 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அருங்காட்சியகமாக இருக்கிறதே, அந்த மலைத்தொடர். தூரம் 21 கிலோமீற்றர், மொத்த ஏற்றம் 900 மீற்றர். கொழும்பில் அந்தத் தூரத்தை இரண்டரை மணித்தியாலத்துக்குள் ஓடிவிடுவேன். மலை என்பதற்காக இன்னும் அரை மணித்தியாலம் சேர்த்துக்கொண்டேன். வங்கிக்காரியின் கணக்கு!

நேஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1892இலேயே நடப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லி வைத்தார். இன்றைய அளவில் சொன்னால், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு மேல், ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். என் பாதையில் ஏற்றம் மட்டுமே ஒன்றரை மணித்தியாலம் கேட்கிறது. ஓடுபவருக்கு இது குறையலாம். ஆனால் ஏற்றத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும். நான் முடித்தது 4 மணி 40 நிமிடத்தில்.

பயிற்சிக்குக் கொழும்பில் மலைக்கு எங்கே போவது? எங்கள் வீடு தொடர்மாடியின் எட்டாம் மாடியில். மாடிக்கு 3 மீற்றர் வைத்தால் ஒரு தடவைக்கு 24 மீற்றர். 900 மீற்றருக்கு 38 தடவை ஏற வேண்டும். வாரத்தில் மூன்று நாள், நாளுக்குப் பத்துத் தடவையாவது ஏறினேன். கீழே வர லிஃப்ட். வாசலில் காவலுக்கு இருப்பவர் ஹட்டன் பக்கத்துத் தம்பி. "எறங்கறதுக்கு மட்டும் ஏன் மிஸ் லிஃப்ட்டு?" என்று கேட்டார். "முழங்காலைக் காப்பாற்ற வேண்டாமா தம்பி" என்றேன், பெரிய அறிவாளி மாதிரி.

ஓட்ட நாளில் ஏற்றம் பிரச்சினையாகவே இல்லை. கைகளைத் தொடையில் ஊன்றி நடந்தேன். முதலில் வெட்கம். நிமிர்ந்து பார்த்தால் முன்னால் போனவர்களும் நடக்கிறார்கள்! செங்குத்தான இடத்தில் ஓடினாலும் நடந்தாலும் வேகத்தில் பெரிய வித்தியாசமில்லை, மூச்சு வாங்குவதில்தான் வித்தியாசம். அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசியிருந்தேன். அப்படியும் இரண்டு ஏறின. அதை விடுங்கள்.

தண்ணீர் பற்றி ஒரு சொல். நாங்கள் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் புறப்படுகிறவர்கள். 2002 பொஸ்டன் மரதனில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைப் பார்த்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம், அதாவது உப்புச்சத்து, குறைந்திருந்தது. ஓடி முடிக்கையில் எடை கூடியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் குடித்தவர்கள்தான் அதில் கூடுதலாக மாட்டிக்கொண்டார்கள். தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும்.

சரி, இறக்கத்துக்கு வருகிறேன். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது, பிரேக் மாதிரி. பழக்கமில்லாத தசையைக் கிழிப்பது இந்த வேலைதான். இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாளாவது நன்றாக இறங்கிப் பழகியிருந்தால் நோவு குறைந்திருக்கும். நான்தான் லிஃப்டில் இறங்கியவளாயிற்றே! 14ஆவது கிலோமீற்றரில் தொடை இரண்டும் நடுங்கத் தொடங்கின.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, ஈர மண். பயத்தில் பின்னுக்குச் சாய்ந்துகொண்டு, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்குகிறேன். கொழுந்துச் சாக்கைத் தலையில் வைத்தபடி ஓர் அம்மா என்னைத் தாண்டிப் போனார். என் சப்பாத்தின் விலையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். அவர் காலில் இறப்பர் செருப்பு. திரும்பாமலே சொன்னார்: "பின்னால சாயாதீங்கம்மா, வழுக்கிரும். சின்னச் சின்னதா எட்டு வைங்க."

அவர் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடிந்தே இருந்தது. ஒரு காலை முழுதாக ஊன்றுவதற்குள் அடுத்த கால் தரையில். சரிவு கூடிய இடத்தில் மட்டும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினார். சாக்கு அசையவில்லை. 200 மீற்றர் அப்படிப் போயிருப்போம். அப்புறம் அவர் லயன் வீடுகள் பக்கம் திரும்பிவிட்டார். மிச்சத் தூரத்தை அந்த நடையில்தான் முடித்தேன். எந்தப் பயிற்றுநரும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை வேலைக்குப் புறப்பட்டால் லிஃப்ட் பழுது. எட்டு மாடியையும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்புறமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே நின்று தம்பி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முழங்காலா மிஸ்?"

"தொடை தம்பி" என்றேன்.