கரையானுக்கு முந்திக்கொண்ட புத்தகம்

வணக்கம். செப்புத் தகட்டில் படம் செதுக்கி அச்செடுக்கிற வேலை எனக்கு. சொல்லிக்கொடுத்த ஆசான் வருஷக்கணக்காக எழுதி வைத்த நோட்டுகள் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தன, அவர் போன பிறகு நாங்கள் நல்ல நாள் பார்த்துத் திறப்பதற்குள் கரையான் திறந்துவிட்டது. அந்த எரிச்சலில்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

இன்றைய பிரான்ஸின் லொரேன் பகுதியில் ழாக் கல்லோ என்று ஒரு செதுக்குக் கலைஞர் இருந்தார். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, அதை ஊசியால் கீறி, கீறிய இடத்தை அமிலம் அரிக்க விடுவதுதான் அன்றைய வழக்கம். மெழுகு மிருது என்பதால் கோடு அவ்வளவு கூர்மையாக வராது. கல்லோ என்ன செய்தார், லூட் என்ற நரம்பு வாத்தியம் செய்கிறவர்களின் கெட்டி வார்னிஷை எடுத்துத் தகட்டில் பூசினார். ஊசி முனையையும் சாய்வாகத் தேய்த்துக்கொண்டார். அதை விரலில் லேசாக உருட்டி இழுத்தால் கோடு மெலிந்து தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி மெலியும். உளியால் வெட்டியது என்றே நினைப்பீர்கள்.

1635இல் அவர் இறந்தார். கைப்பக்குவம் அவரோடு போயிருக்க வேண்டியது, ஆனால் ஆப்ரஹாம் போஸ் என்பவர் 1645இல் பாரிஸில் எல்லாவற்றையும் புத்தகமாகவே போட்டுவிட்டார். எனக்கு அதில் பிடித்தது படங்கள்தான். ஊசியை எப்படிப் பிடிப்பது, தகட்டின் பூச்சை மெழுகுவர்த்திப் புகையில் எப்படிக் கறுப்பாக்குவது என்று வரைந்தே காட்டுகிறார். அமிலத்துக்கு அவர் தரும் சரக்கு காடி, நவச்சாரம், உப்பு, செம்புக் களிம்பு. நம்மூர் நாட்டு மருந்துக் கடைச் சீட்டு மாதிரி இல்லை? தகட்டைச் சாய்த்து நிறுத்தி மேலிருந்து ஊற்று, வழிவதைக் கீழே தொட்டியில் பிடி, திரும்ப ஊற்று, போதுமான அளவு அரித்த இடத்தைக் கொழுப்பும் எண்ணெயும் கலந்து மூடு. அச்சு இயந்திரம் கட்டுவது வரைக்கும் இருக்கிறது. கல்லோவிடமிருந்து வந்ததைத் தன்னுடையது என்று மறைக்கவும் இல்லை.

1662இல் லண்டனில் வில்லியம் ஃபெய்தோர்ன் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். போஸின் முதல் பதிப்பு வந்து நூறு வருஷம் கழித்து, 1745இல், கொஷன் என்ற பிரெஞ்சு செதுக்குக் கலைஞர் திருத்திச் சேர்த்து மறுபடி போட்டார். போஸ் கொஞ்சம் வீம்புக்காரர். அரசக் கலைக் கழகத்தில் மல்லுக்கட்டி 1661இல் வெளியேற்றப்பட்டார், அப்புறம் அங்கே தான் நடத்திய பாடங்களையே 1665இல் அச்சில் ஏற்றிவிட்டார்!

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். நோட்டு போனாலும் ஆசானின் ஊசிகளும் தகடுகளும் மிச்சம். கெட்டுப்போன தகடுகளையும் எறியவில்லை, ஏன் கெட்டது என்பதுதானே பாடம். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் படமெடுத்து, எந்தப் பாடத்துக்கு எது என்று எழுதி, கேட்கிறவர்களுக்கெல்லாம் அனுப்புகிறோம், காசு வாங்குவதில்லை. பழைய மாணவர்கள் உட்கார்ந்து நினைவிலிருந்து நோட்டையும் திரும்ப எழுதுகிறோம். முதல் கோட்டுக்கு அமிலத்தில் எட்டு நிமிஷம் என்று அவர் சொன்னதாக ஒருவர் சாதிக்கிறார், இன்னொருவர் பன்னிரண்டு என்கிறார். இரண்டையும், யார் சொன்னது என்று பெயர் போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.