தொப்பியில் தொங்கிய விலைச்சீட்டு

நேயர்களுக்கு வணக்கம். ஊர்ப்பேச்சை வைத்துச் சிரிக்க வைப்பவர்களை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ஊராரை இளக்காரம் பண்ணிச் சிரிப்பு வாங்குவது ஒரு வகை. அந்த ஊராரே உட்கார்ந்து கேட்டுச் சிரிப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் மின்னி பெர்லுக்கு ஈடாக நான் யாரையும் கேட்டதில்லை. மேடையிலும் வானொலியிலும் சிரிக்க வைத்தவர்.

அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சென்டர்வில்லில் 1912இல் பிறந்தவர். சொந்தப் பெயர் சாரா ஒஃபீலியா காலி. வசதியான வீட்டுப் பெண். நாஷ்வில்லில் நாடகம் படித்தார். பெரிய நடிகையாக வேண்டும் என்று ஆசை. கிடைத்ததோ, ஊர் ஊராகப் போய் உள்ளூர்க்காரர்களை வைத்து நாடகம் போடும் வேலை.

1936இல் வட அலபாமா மலைப்பக்கம் போனபோது ஒரு குடும்பம் தங்க இடம் கொடுத்தது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த வீட்டு அம்மாள் ஓயாமல் கதை சொல்வாராம். வீட்டுக் கதை, அக்கம்பக்கத்துக் கதை. கேட்கக் கேட்கச் சிரிப்பு. கிளம்பும்போது, 'நீயும் எங்கள்ல ஒருத்தி மாதிரிதான்' என்றாராம். அதைப் பெரிய பாராட்டாக சாரா பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார். கவனியுங்கள்: எங்கள்ல ஒருத்தி. மின்னி பெர்ல் என்ற பாத்திரம் பிறந்தது அங்கேதான்.

அவளுக்கு ஊர், சென்டர்வில் பக்கத்தில் சரக்கு ரயில் நிற்கும் கிரைண்டர்ஸ் ஸ்விட்ச். தம்பி ஒருவன், நேபாப் என்று ஒரு மாமா.

1940 நவம்பரில் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியில் முதல் வாய்ப்பு. மேடையில் நடந்து வானொலியில் ஒலிபரப்பாகும் கன்ட்ரி இசை, அதாவது அமெரிக்கக் கிராமிய இசை நிகழ்ச்சி அது. படித்த பெண் கிராமத்தாளாக நடித்தால் கேட்பவர்கள் மனம் நோகுமோ என்று அங்கே பயம். இரவு 11 மணிக்கு மேல்தான் நேரம் கொடுத்தார்கள். தயங்கி நின்றவரிடம், 'அவர்களை நேசி, அவர்களும் நேசிப்பார்கள்' என்றார் நிகழ்ச்சியைத் தொடங்கிய ஜார்ஜ் ஹே. கடிதங்கள் குவிந்தன. ஐம்பது ஆண்டுகள் அந்த மேடை அவருடையது.

தொப்பியில் 1 டாலர் 98 சென்ட் விலைச்சீட்டு தொங்கும். வானொலியில் அது தெரியாது, 'ஹவ்-டீ!' என்று நீட்டி வணக்கம் சொல்லும் குரலே போதும். மறுபடியும் சொல்கிறேன், அதில் இளக்காரம் துளியும் இல்லை.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. 1969 முதல் 'ஹீ ஹா' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி, 1975இல் கன்ட்ரி இசையின் புகழ் மண்டபத்தில் இடம். 1985இல் மார்பகப் புற்றுநோய்; அதை மறைக்காமல் பேசினார். நாஷ்வில்லில் அவர் பெயரில் புற்றுநோய் மையம் வந்தது. 1996இல் மறைந்தார். பழைய ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. நேபாப் மாமா கதையில் தொடங்குங்கள். வணக்கம்.