தற்காப்புப் பயிற்சிக்கு வெறுங்காலா, ஷூவா, செருப்பா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். தேவகோட்டையிலருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. அப்படியே வாசிச்சுடறேன். "மாஸ்டர், நானும் எம் மகளும் தற்காப்பு வகுப்புல சேர்ந்திருக்கோம். கராத்தேயும் கொஞ்சம் சிலம்பமும் சொல்லித் தர்றாங்க. வெறுங்கால்லதான் நிக்கணுங்கறாங்க. பாப்பா 9-ஆவது படிக்கிறா. எனக்கு வயசு 45, சுகர் இருக்கு. ஜவுளிக்கடையில வேலை. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குத் தனியாத்தான் நடக்கணும். தற்காப்புக்குன்னே ஷூ விக்கிறாங்களே, ரெண்டு பேருக்கும் வாங்கவா?"

வாங்க வேணாங்கம்மா. அந்தக் காசுக்கு வேற வேலை இருக்கு, சொல்றேன்.

பாப்பாவோட விஷயம் சுலபம். வகுப்புல அது வெறுங்கால்லயே பழகட்டும். நம்ம பக்கம் சிலம்பம் எல்லாம் ஊருணிக்கரையில, பொட்டல்ல ஆடினதுதானே. காலடி எடுத்து வைக்கும்போது முன்பாதம் மண்ணைத் தொடுது, எடை எங்க நிக்குதுன்னு புள்ளைக்கே தெரியுது. கெட்டி ஷூ போட்டுக்கிட்டு அந்தக் காலடி வரிசையைப் படிச்சா அந்த உணர்ச்சியே வராது. ஆனா தரையைப் பாக்கணும். நம்ம செம்மண் பூமில சரளைக்கல்லு ஒரு பக்கம், நெருஞ்சி ஒரு பக்கம், எல்லாத்துக்கும் மேல சீமைக்கருவேல முள்ளு. அது ஹவாய் செருப்பையே துளைச்சுக்கிட்டு மேல வரும், வெறுங்காலு எம்மாத்திரம்? பெருக்காத தரையில புள்ளைங்களை நிறுத்துற மாஸ்டர்கிட்ட, "முதல்ல ஒரு விளக்குமாறு வாங்குங்க"ன்னு தைரியமாச் சொல்லுங்க.

சில இடத்துல பழைய செட்டிநாட்டு வீட்டுல முற்றத்தைச் சுத்தி இருக்கிற வளவுலயும் பட்டாலையிலயும் வகுப்பு நடக்குது. ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை. வெறுங்காலுக்கு ஜில்லுனு அருமையா இருக்கும். ஆனா சாக்ஸ் மட்டும் மாட்டிக்கிட்டு அதுல நிக்கவே நிக்காதீங்க. தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சுப் பளபளப்பா வச்சிருப்பாங்க, கால் அப்படியே வாரிவிட்டுடும். மழை பெஞ்சு முற்றத்துச் சாரல் அடிச்சா வெறுங்காலுக்கும் அதே கதிதான்.

இப்ப ஷூ. ஜூடோ, கராத்தே எல்லாம் வெறுங்கால். மல்யுத்தத்துக்கும் குத்துச்சண்டைக்கும் ஷூ உண்டு, ஆனா குதிகால் கட்டையோ ஆணியோ இருக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. ஷூ போடுற இடத்துலயும் அடிப்பாகம் மட்டமா இருக்கணும்னுதான் கேக்குறாங்க. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? காலையில வாக்கிங் போற அந்த மெத்து மெத்துன்னு இருக்கிற ஓட்டப்பந்தய ஷூவையே போட்டுக்கிட்டு வந்துடறாங்க. அதுல பொதுவா முன்பாதத்தை விடக் குதிகால் 8-லருந்து 12 மில்லிமீட்டர் வரைக்கும் உசரமா இருக்கும். நேரா ஓடுறதுக்குன்னு செஞ்சது அது. பக்கவாட்டுல ஒரு எட்டு வெட்டி எடுத்து வச்சா கணுக்கால் மடங்கிடும்.

அதைவிட முழங்கால்தான் எனக்குப் பயம். சுத்தி உதைக்கிற உதையில ஊனின காலு முன்பாதத்துல திரும்பணும். வெறுங்காலுன்னா திரும்பிடும். நல்லாப் பிடிமானமுள்ள ஷூ சிமெண்டுத் தரையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டா? பாதம் அங்கேயே நிக்குது, இடுப்பு திரும்புது, நடுவுல மாட்டுறது முழங்கால். உள்ள இருக்கிற தசைநார் பிஞ்சா ஆபரேஷன் வரைக்கும் போகும். அதனால ஷூ போட்டு உதைச்சா, உதைக்கிறதுக்கு முன்னாடியே ஊனுற காலோட பெருவிரலை வெளிப்பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டு அப்புறம் உதைக்கணும். இதை உங்க மாஸ்டர்கிட்டச் சொல்லிச் செஞ்சு காட்டச் சொல்லுங்க.

நேர் உதையும் அப்படித்தான். வெறுங்கால்ல விரலையெல்லாம் மேல மடக்கி, முன்பாதத்துச் சதையால குத்துறோம். விரல்ல பட்டா விரல் போச்சு. ஷூவுக்குள்ள விரலை அப்படி மடக்க முடியாது, அதனால குதிகாலால இல்ல முழுப் பாதத்தால தள்ளுற மாதிரி உதைக்கணும். ஒரே உதைக்கு ரெண்டு பழக்கம் வேணும்னு ஆகுதில்ல? நான் சொல்ல வர்றதே இதுதாம்மா. வகுப்புல வெறுங்கால்ல பழகிட்டு, ரோட்டுல செருப்போட மாட்டிக்கிட்டா, உடம்புக்கு எது தெரியுமோ அதைத்தான் செய்யும். நீங்க எதைப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடக்குறீங்களோ அதுலயும் வாரத்துல ஒரு வகுப்பு பழகணும். அதே செருப்பு, அதே சேலையோ சுடிதாரோ, தோள்ல அதே பை. மாஸ்டர் முறைப்பாரு, பரவாயில்ல.

அப்ப என்ன செருப்பு? ராத்திரி தனியா நடக்கிறவங்களுக்குப் பின்னாடி வார் இருக்கணும். இது ஒண்ணுதான் நான் கறாராச் சொல்றது. முன்னாடி மட்டும் மாட்டுற செருப்பு ஓடினாக் கழண்டுடும், உதைச்சா எதிராளியைத் தாண்டிப் பறக்கும். பெருவிரல் வாரு அறுந்துச்சுன்னா அந்த இடத்துலயே குப்புற விழுவீங்க. தற்காப்புல பாதி ஓடித் தப்பிக்கிறதுதான். குதிகால் உசந்த செருப்பைக் கடைக்குள்ள போட்டுக்கங்க, பஸ் ஏறும்போது மட்டமானதுக்கு மாறிடுங்க. அடிப்பாகம் கொஞ்சம் கெட்டியா இருந்தா இன்னொரு வசதி. பின்னாலருந்து ஒருத்தன் கட்டிப் பிடிச்சான்னா, செருப்போட ஓரத்தை அவன் முழங்காலுக்குக் கீழ வச்சு எலும்பை ஒட்டிச் சீச்சிக்கிட்டே இறக்கி, பாதத்து மேல குதிகாலால ஓங்கி மிதிக்கலாம். வெறுங்கால்ல மிதிச்சா அவனுக்கு அவ்வளவா உறைக்காது.

இனி சுகர். இதை வகுப்புல சொன்னீங்களான்னு எழுதலையே. சொல்லிடுங்க. சுகர் ரொம்ப நாளா இருந்தாப் பாதத்துல உணர்ச்சி குறையும். முள்ளு குத்தினது தெரியாது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. தையில பழனிக்கு வெறுங்கால்லயே நடந்து போற ஊராச்சே நாம, இதுக்கென்னன்னு வீட்டுல யாராவது சொல்லுவாங்க. வேண்டுதல் வேற, வாரத்துல ரெண்டு நாள் சரளையில காலை அரைக்கிறது வேற. நீங்க வெறுங்கால்ல பழக வேணாம். மட்டமான அடிப்பாகம் உள்ள, கயிறு கட்டுற கேன்வாஸ் ஷூ, உள்ள சுத்தமான பருத்தி சாக்ஸ், அது போதும். டாக்டர் எம்.சி.ஆர். செருப்பு, அதான் சுகர்காரங்க பாதத்துக்குன்னு இருக்கிற மெத்துன்னு ரப்பர் செருப்பு, போடச் சொல்லியிருந்தா அது நடக்கத்தான், குதிக்க இல்ல. பயிற்சியில எதைப் போடலாம்னு அவர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. வகுப்பு முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குல ஈரம் இல்லாமத் துடைச்சு, உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலைன்னா முகம் பாக்கிற கண்ணாடியைத் தரையில வச்சுப் பாத்துக்கங்க.

உங்களுக்கு வாங்கப் போறதைச் சாயங்காலமாப் போய் வாங்குங்க. நாள் முழுக்கக் கடையில நின்ன காலு அப்பத்தான் வீங்கியிருக்கும், காலைல சரியா இருந்தது ராத்திரி கடிக்கும். சாக்ஸோட போட்டுப் பாருங்க. பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்கட்டும். கடையிலயே ஒத்தைக் கால்ல நின்னு திரும்பிப் பாருங்க, கடைக்காரரு சிரிச்சா சிரிக்கட்டும்.

பாப்பாவுக்குப் புதுசா எதுவும் வேண்டியதில்ல. பி.டி. பீரியடுக்குப் போடுற வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வீட்டுல கிடக்கும்ல, மெல்லிசா மட்டமா, ஷூ போட்டுப் பழகுற அன்னைக்கு அதுவே தாராளம். வளர்ற புள்ளைன்னு ரெண்டு சைஸ் பெருசா வாங்கியிருந்தீங்கன்னா மட்டும் அது ஆகாது, உள்ள கால் ஆடும். அடியைத் திருப்பிப் பாருங்க. வரி வரியா இருந்தது தேஞ்சு வழவழன்னு ஆகியிருந்தா, காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் வரும்போது வேற ஒண்ணு எடுத்துக்கங்க. அடுத்த கேள்விக்குப் போவோம்.