மண்ணுக்கு ஏங்கும் நாக்கு

நேயர்களுக்கு வணக்கம். மாடு சுவரை நக்குகிறது, கொடியில் காயும் துணியைத் தின்கிறது என்று கால்நடை மருத்துவனாகிய என்னிடம் வருபவர்களில் பலர், தீனி நிறையப் போட்டும் இதற்கு என்ன திமிர் என்றே பேச்சைத் தொடங்குவார்கள். வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிர, அதில் பாஸ்பரஸ் என்னும் தாதுச்சத்து மிகக் குறைவு. கறவை மாட்டுக்கோ அது பாலோடு நாள்தோறும் வெளியேறிக்கொண்டிருக்கும். குறை முற்றினால் மாடு எலும்பையும் கடிக்கும். தென்னாப்பிரிக்காவில் மாடுகளை முடக்கிக் கொன்ற ஒரு நோயை 1920ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்த கால்நடை மருத்துவ அறிஞர் அர்னால்ட் தைலர், பாஸ்பரஸ் குறைந்த மேய்ச்சல் நிலத்து மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைக் கடித்ததும், அதிலிருந்த நச்சு உடலில் ஏறியதுமே காரணம் என்று கண்டார். எலும்புத்தூளைத் தீனியில் சேர்த்துக் கொடுத்ததும் அந்த வேட்கை அடங்கியது.

நெகிழிப் பை தின்பது பெரும்பாலும் வேறு கதை. முடிச்சிட்டு வீசிய பைக்குள் சோற்று வாசனை வருகிறது. முடிச்சை அவிழ்க்க மாட்டுக்கு விரல் இல்லை. நாக்கால் சுருட்டி அப்படியே விழுங்குகிறது. அறுவை செய்து முதல் இரைப்பைக்குள் முழங்கை மறையக் கைவிட்டு இழுத்தால், பைகளும் நைலான் கயிறும் முறுக்கிக்கொண்டு ஒரே பந்தாக வரும்; சில பைகளில் நாம் போட்ட முடிச்சு அப்படியே இருக்கும்.

மனிதருக்கு வருவோம். சேர மன்னன் ஒருவனின் நாட்டு மண்ணைக் கருவுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்பார்களே அன்றிப் பகைவர் உண்ண இயலாது என்று புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார் பாடுகிறார். அரசனைப் புகழும் இடத்தில் சொல்லத்தக்க இயல்பான செய்தியாக அன்று இருந்ததை, இன்று நம் பெண்கள் பல்பமாகவும் அடுப்புச் சாம்பலாகவும் பச்சரிசியாகவும் ஒளித்துத் தின்கிறார்கள். இவர்களில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும். ஐஸ் கட்டியை ஓயாமல் கடிப்பவர்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தால், ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே பலருக்கு அந்த ஆசை விட்டுப்போகிறது. மண்ணோ, உடலில் சேர வேண்டிய இரும்பையும் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்வதோடு, புழு முட்டைகளையும் கொண்டுவரும்.

சுவர் நக்கிய மாட்டுக்குத் தாது உப்புக் கலவை எழுதி வாங்கிய பெரியவர் ஒருவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "மருமக சாம்பல் திங்குதுங்க, திட்டியும் கேக்கல, அதுக்கும் இந்தப் பொடிதானுங்களா?" என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போகச் சொன்னேன். கர்ப்பிணிக்குப் பதினொரு கிராமாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அந்தப் பெண்ணுக்கு எட்டுதான் இருந்ததாம்.