கம்ப்யூட்டருக்கு மணிக்கு 25 சென்ட் சம்பளம்!

[திரையில்: நீளக் கவுன் அணிந்த பெண்கள், மேசை நிறையக் காகிதங்கள்]

1890-களின் அமெரிக்கா. ஹார்வர்டில் ஒரு கம்ப்யூட்டருக்கு மணிக்கு சுமார் 25 சென்ட் சம்பளம். ஆமாம், சம்பளம்தான், கரண்ட் பில் இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் காலையில் தானாக வேலைக்கு வரும், மதியம் பசித்தால் சாப்பிடும்.

வேர்ச்சொல்லை வேகமாக முடித்துவிடுகிறேன். லத்தீனில் 'புட்டாரே' என்றால் கிளையை வெட்டிச் சீராக்குவது, அப்புறம் கணக்கை நேர்செய்வது. அதிலிருந்து 'கம்ப்யூட்'. கைகாலை வெட்டி எடுக்கிற 'ஆம்புடேஷன்'கூட இதற்குப் பங்காளிதான்! 1613-இலேயே 'கம்ப்யூட்டர்' ஆங்கில அச்சில் வந்துவிட்டது, கணக்குப் போடும் ஆள் என்ற பொருளில்.

சரி, ஹார்வர்டுக்கு வருவோம், சுவாரசியமே அங்கேதான். வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள் குவிந்துகொண்டே போக, வானாய்வகத்தின் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங் அவற்றை அளந்து கணக்கிடப் பெண்களைச் சேர்த்தார். பெரிய மனசு என்று நினைக்காதீர்கள், ஆண்களைவிடக் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். அவர்களில் வில்லியமினா ஃபிளெமிங், ஸ்காட்லாந்திலிருந்து வந்த இடத்தில் கணவர் கைவிட்டுப் போக, பிக்கரிங் வீட்டிலேயே வேலைக்காரியாக இருந்தவர். 1888-இல் குதிரைத்தலை நெபுலாவை (விண்வெளியில் குதிரைத்தலை போலத் தெரியும் தூசி மேகம்) தகட்டில் கண்டுபிடித்தது அவர்தான். ஆனி ஜம்ப் கேனன் வகைப்படுத்திய நட்சத்திரங்கள் சுமார் 3,50,000! ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களை வைத்துத் தூரத்தைக் கணிக்க உதவும் விதியைக் கண்டவர் ஹென்றியெட்டா லெவிட்; அதை வைத்துத்தான், ஆண்ட்ரோமீடா என்ற நட்சத்திரக் கூட்டம் நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று வானியலாளர் ஹபிள் பின்னாளில் காட்டினார். இதெல்லாம் அற்பக் கூலிக்கு. எனக்கு இன்னும் ஆறவில்லை, உங்களுக்கும் அப்படித்தான் என்றால் ஒரு லைக்.

1940-களில் எனியாக் போன்ற மெஷின்கள் வந்தன. 'எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர்' என்று சொன்னால்தான் அது மெஷின். போகப்போக 'எலக்ட்ரானிக்' உதிர்ந்துபோய், ஆளைச் சொல்லத்தான் 'ஹியூமன் கம்ப்யூட்டர்' என்று அடைமொழி ஒட்ட வேண்டியதாயிற்று. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதை!

ஆனாலும் 1962-இல், பூமியைச் சுற்றக் கிளம்பிய ஜான் கிளென் மெஷினின் கணக்கை அப்படியே நம்பவில்லை. நாசாவின் முன்னோடி அமைப்பில் மனிதக் கம்ப்யூட்டராக வேலைக்குச் சேர்ந்த கேத்தரின் ஜான்சன் சரிபார்த்த பிறகுதான் ஏறுவேன் என்றார்.

இன்னொன்று: 1880-களில் 'டைப்ரைட்டர்' என்றால் மெஷினும்தான், அதைத் தட்டுகிற பெண்ணும்தான். இப்படி ஆளிடமிருந்து மெஷின் பறித்துக்கொண்ட வேறு பெயர் தெரிந்தால் கமெண்டில் போடுங்கள். 'பிரிண்டர்' மட்டும் வேண்டாம், அதை நானே சொல்லிவிட்டேன்.