ஸ்வெட்டருக்குள் இருக்கும் முதுகு

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் இருபது வருடங்களுக்கு மேலாக இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளின் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஸ்கோலியோசிஸ் என்பார்கள். கூன் என்றால் முதுகு முன்பக்கமாகக் குனிந்துபோவது. இது வேறு. இடமாகவோ வலமாகவோ சாய்ந்து, கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும்.

ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிறவர். பன்னிரண்டு வயது மகளுக்குத் தீபாவளிக்குப் பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறார். போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. தையல்காரர் பிரித்துத் தைத்தார், மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை, "அக்கா, தையலில் கோளாறு இல்லை, பிள்ளையோட இடுப்பைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். அந்தத் தையல்காரரை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

என்னிடம் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா தன்மேலேயே குற்றம் சொல்ல ஆரம்பித்தார். கைக்குழந்தையாக இருந்தபோது எப்போதும் இடது இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். தண்ணீர்க் குடம் தூக்க விட்டேன். புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டினாள், கண்டிக்கவில்லை. போதாததற்கு, வயிற்றுப்பிள்ளையோடு கிரகணத்தன்று வெளியே வந்தாயே என்று மாமியார்.

இவற்றில் ஒன்றுகூடக் காரணம் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாக்களுக்காக இன்னொரு தரம் சொல்கிறேன்: இடுப்பில் தூக்கியதும் காரணமில்லை, குடமும் காரணமில்லை, பையும் காரணமில்லை. பை கனமாக இருந்தால் முதுகு வலிக்கும், அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அதனால் இந்த வளைவு வராது.

சரி, பின்னே எதனால்? பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு, இன்னதுதான் காரணம் என்று மருத்துவத்தால் சொல்ல முடிவதில்லை. குடும்பவாகு உண்டு. அக்காவுக்கு இருந்தால் தங்கையையும் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் 10 வயதுக்கு மேல், பிள்ளை மளமளவென்று உயரும் காலத்தில்தான் வெளியே தெரியும். நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கும். வளைவு பெரிதாவது பெண்பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

சிலருக்குப் பிறவியிலேயே வரும். கரு உண்டான முதல் ஆறு, எட்டு வாரத்துக்குள் ஒரு முள்ளெலும்பு பாதியாக உருவாகிவிடும், அல்லது இரண்டு ஒட்டிக்கொள்ளும். பல அம்மாக்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே தெரியாத நாட்கள் அவை. அப்படிப் பிறந்த பிள்ளைக்குச் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். மூளை முடக்குவாதம், தசைச்சிதைவு இருக்கிற பிள்ளைகளுக்கு முதுகைத் தாங்கும் தசைகள் சரிவர வேலை செய்யாததால் வளையும். ஒரு கால் குட்டையாக இருந்தாலும் நிற்கும்போது முதுகு கோணலாகத் தெரியும், உட்காரவைத்தால் நேராகிவிடும். ஆனால் முதுகுவலியால் பிள்ளை ராத்திரி விழித்துக்கொள்கிறது என்றால் காத்திருக்காதீர்கள், கட்டியோ கிருமித்தொற்றோ இருக்கலாம்.

நம் மலையில் பிள்ளைகள் காலையில் போட்ட ஸ்வெட்டரை ராத்திரி வரை கழற்றுவதில்லை. பத்து வயதானால் தானே குளித்துக்கொள்கிறார்கள். அந்த முதுகை யார் பார்ப்பது? வென்னீர் காய்கிற நேரத்தில் ஒரு நிமிடம் போதும். கால்களைச் சேர்த்து, முட்டியை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று பாருங்கள். ஒரு பக்க விலா மேடாகத் தூக்கி நின்றால் மருத்துவரிடம் போங்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-இல் எழுதிவைத்த சோதனை இது, இன்றைக்கும் இதைத்தான் செய்கிறோம்.

சிகிச்சை பற்றி நிறைய வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: எக்ஸ்ரேயில் வளைவு 10 பாகைக்குக் குறைவு என்றால் அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 25 பாகையைத் தாண்டி, வளர்த்தியும் பாக்கி இருந்தால், வளைவு கூடாமல் இருக்க உடம்பைச் சுற்றி இறுக்கமாக மாட்டும் பிரேஸ் போடுவார்கள், நாளுக்கு 18 மணி நேரமாவது. 50 பாகைக்கு மேல் போனால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். அந்தப் பெண்ணுக்கு 28. பிரேஸுக்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தாள். வணக்கம்.